பிள்ளைகள் மூன்று என்று சொல்லிவிட்டேன்

இன்று காலை விளாங்குடியில் எங்கள் வீட்டுக்கு ஒரு கலாசாலை மாணவர் வந்தார். ஊர் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று ஆராய்ச்சியாம்.

“அண்ணே, உங்களுக்கு எத்தனை பிள்ளைக?”

பிள்ளைகளை எண்ணிச் சொன்னால் கண் பட்டுவிடுமே! நான்கில் ஒன்றைக் குறைத்து, “மூணு” என்றேன். எட்டாம் வகுப்பு வரை படித்தும் அந்தப் பயம் போகவில்லை.

அவர் எழுதிக்கொண்டு போனதும் என் கடைக்குட்டி அழுதாள்.

“என்னைய மட்டும் ஏன்ப்பா விட்டுட்டீங்க? நான் உங்க பிள்ளை இல்லையா?”

அவளைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல் ரோட்டில் ஓடி, அவரைப் பிடித்தேன்.

“தம்பி, நாலுன்னு எழுதுங்க. இவளையும் சேத்துக்கங்க.”

அவர் சிரிக்கவில்லை. அடித்துத் திருத்தினார்.

“அப்ப மத்த வீட்டுலயும் இப்படித்தானாண்ணே?” என்றார் பாவமாக.

உங்கள் வீட்டுக்கும் வந்திருப்பாரே. நீங்கள் யாரை மறைத்தீர்கள்?