வண்டி இல்லாத தீவில் கன்ட்ரோல்

அவளுக்குப் பெற்றவர்கள் வைத்த நல்ல பெயர் ஒன்று உண்டு. சர்ட்டிபிகேட்டில் பத்திரமாக இருக்கிறது. மற்றபடி டிரைவர்களுக்கும் வாடிக்கையாளர்களுக்கும், வீட்டில் அண்ணிக்கும்கூட அவள் கன்ட்ரோல்தான். அண்ணன் நடத்தும் கால் டாக்ஸி கம்பெனியில் மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை. ஜன்னல் கிடையாது. சுழல் நாற்காலி இருக்கிறது, சுழல்வதை அது எப்போதோ நிறுத்திக்கொண்டது. அங்கே ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எந்த வண்டி எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று சொல்வது அவள் வேலை. வீட்டுக்கு வந்தால் கையில் கம்பெனி செல்போன். சாப்பிடும்போது அவளுடைய இடது கை சும்மா இருந்து யாரும் பார்த்ததில்லை.

தங்கைக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று கேட்பவர்களுக்கு அண்ணன் ஒரு பதில் தயாராக வைத்திருந்தான். அவளுக்குக் கம்பெனிதான் எல்லாம் என்பான். அவளைக் கேட்டுத் தயாரித்த பதில் இல்லை அது.

லீவு கேட்டால் சீசன் முடியட்டும் என்பான். கால் டாக்ஸிக்கு எந்தச் சீசன் முடிந்திருக்கிறது? வெயில் அடித்தால் ஜனங்கள் நடக்க மாட்டார்கள், மழை பெய்தாலும் நடக்க மாட்டார்கள். போன வருஷம் அப்பா இறந்தபோதுகூட, எல்லாம் முடிந்த மறுநாள் காலையே அவள் சீட்டில் இருந்தாள். அண்ணன் அதைப் போகிற இடமெல்லாம் பெருமையாகச் சொன்னான். கேட்கும்போதெல்லாம் அவளுக்கு வயிறு பற்றி எரியும்.

ஒரு நாள் படகுத்துறைக்கு வண்டி கேட்டு ஒரு அம்மா பேசினார். எங்கே பயணம் என்று பேச்சுக்குத்தான் கேட்டாள். கார், பைக் எதையும் விடாத ஒரு தீவுக்குப் போகிறேன், அங்கே இறங்கியதுமே வெளியாட்களிடம் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள் என்றார் அந்த அம்மா. வண்டியே இல்லாத ஊர்! கன்ட்ரோலுக்கு நாக்கில் எச்சில் ஊறியது. அன்றைக்கே ஒரு வாரத்துக்கு அறை பிடித்தாள். அண்ணனிடம் இந்தத் தடவை லீவு கேட்கவில்லை, போகிறேன் என்று சொன்னாள். அவன் சீசன் என்று ஆரம்பித்தபோது ஹெட்செட்டைக் கழற்றி அவன் மேஜைமேல் வைத்துவிட்டு நடையைக் கட்டினாள்.

தீவில் படகுத்துறை குமாஸ்தா அவள் போனைத் துணிப்பையில் போட்டு அலமாரியில் பூட்டினார். ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகை இருந்தது. கரையிலிருந்து யாராவது ஆபீஸ் போனில் அவசரச் செய்தி சொன்னால், அவர் அதைப் பலகையில் எழுதி வைப்பார். உரியவர் வந்து பார்த்துக்கொள்ள வேண்டியது. உரியவர் அல்லாதவர்களும் பார்ப்பார்கள், அதை யார் தடுக்க முடியும்?

அவள் பெட்டியைத் தள்ளுவண்டிக்காரர் தள்ளிக்கொண்டு முன்னே போனார். பழக்க தோஷம், "எத்தனை நிமிஷத்துல ரீச் ஆவீங்க?" என்று கேட்டுவிட்டாள்.

"அது நீங்க நடக்கிற நடையைப் பொறுத்தது" என்றார் அவர்.

தெரு முனையில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத்தான் கடந்தாள். ஒரு பக்கம் பூனை படுத்திருந்தது, இன்னொரு பக்கம் அதுகூட இல்லை. இல்லாத போன் இடுப்பில் அதிர்ந்துகொண்டே இருந்தது. மத்தியானம் கண்ணை மூடியவள் இருட்டும்போதுதான் எழுந்தாள். தன்னை யாரும் எழுப்பவில்லை என்பது புரிய அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது.

மறுநாள் பலகையில் பாதியை அவள் குடும்பமே பிடித்துக்கொண்டிருந்தது. 'கன்ட்ரோலுக்கு: ஆறாம் நம்பர் டிரைவர் போனை எடுக்கவில்லை. என்ன செய்வது? – அண்ணன்.' அதன் கீழே, 'பேங்க் வாசலில் வெயிட்டிங்கில் நிற்பது எந்த வண்டி?' அதற்கும் கீழே அண்ணியிடமிருந்து, 'மிக்ஸியை எந்தக் கடையில் ரிப்பேருக்குக் கொடுத்தாய்?' குமாஸ்தா பரிதாபப்பட்டு, ஆபீஸ் போனில் ஒரு வார்த்தை பேசிவிடுங்களேன் என்றார். அவள் அவர் கையிலிருந்த சாக்பீஸை வாங்கி, மூன்றுக்கும் பொதுவாக எழுதினாள்: 'பார்த்தேன். பதில் இல்லை.'

படகுக்கு நின்றவர்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். அதற்குப் பிறகு பேப்பர் பார்க்க வருவதுபோல ஊர் பலகை பார்க்க வந்தது. விடுதிச் சமையல்கார அம்மா காலை டீயோடு அண்ணனின் புதுக் கேள்வியையும் சேர்த்துக் கொண்டுவந்து வைத்தார். கன்ட்ரோல் டீயை மட்டும் எடுத்துக்கொண்டாள்.

வாரத்தின் நடுவில் வந்த செய்தியைப் படித்து யாரும் சிரிக்கவில்லை. 'நாளைக்குள் வராவிட்டால் கம்ப்யூட்டர் சிஸ்டம் போட்டுவிடுவேன். உன் சீட் இருக்காது.'

அந்தச் சீட்டுதான் அவள் சோறு. படுக்கிற அறையும் அண்ணன் வீட்டு மாடியில்தான். இந்த வயதில் வேறு எங்கே போய் என்ன வேலை கேட்பது? கடலோரம் போய் நின்றாள், திரும்பி வந்தாள், மறுபடியும் போனாள். பயந்து பயந்து கடைசியில் அந்தப் பயத்தின் மேலேயே அவளுக்குக் கோபம் வந்தது. ஒரு வாரம் லீவுக்கு இவ்வளவு நடுங்க வேண்டுமா ஒரு மனுஷி? பலகைக்கு வந்து 'போடு' என்று எழுதினாள். குமாஸ்தாவையே அதை அண்ணனுக்குப் போனில் படித்துக் காட்டச் சொன்னாள்.

மறுநாள் படகில் அண்ணன் வந்து இறங்கினான். போனைக் கொடுக்க மாட்டேன் என்று குமாஸ்தாவிடம் மல்லுக்கு நின்று, தோற்று, ஷூ காலோடு மேடேறி வந்தான். விடுதிக்கு வெளியே பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததும் அவன் பொங்கிவிட்டான். டிரைவர்கள் ஒருவருக்கொருவர் அடித்துக்கொள்கிறார்கள், ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியவரைக் கல்யாண மண்டபத்தில் இறக்கிவிட்டார்கள், கம்பெனி மானம் கப்பலேறுகிறது என்று மூச்சு வாங்கக் கொட்டித் தீர்த்தான். அவள் காலை மடக்கவில்லை.

"எல்லாத்தையும் அப்படியே போட்டுட்டு வர அளவுக்கு உனக்கு என்ன ஆயிடுச்சு?" என்றான்.

"அப்பா செத்தது எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா அண்ணா?"

"நான்தானே போன் பண்ணேன்."

"கம்பெனி லைன்ல பண்ணே. ஸ்டேஷனுக்கு ரெண்டு வண்டி, அத்தை வீட்டுக்கு ஒண்ணு, மாமா வீட்டுக்கு ஒண்ணு, சீக்கிரம் அனுப்புன்னே. எதுக்குன்னு நான் கேட்டதுக்கு அப்புறம்தான் அப்பா போயிட்டார்னு சொன்னே. சொன்ன கையோட, எந்தெந்த வண்டி வருதுன்னு கேட்டே. நானும் நம்பர் சொன்னேன். எல்லாரையும் அனுப்பிட்டுப் பார்த்தா எனக்கு வண்டி இல்ல. பஸ்ல நின்னுக்கிட்டு வந்தேன். வழி முழுக்க டிரைவருங்க அட்ரஸ் கேட்டாங்க, சொல்லிக்கிட்டே வந்தேன்."

அண்ணனின் கை சட்டைப் பைக்குப் போனது. சங்கடமான பேச்சு வந்தால் போனை எடுத்துப் பார்ப்பது அவன் வழக்கம். பை காலியாக இருந்தது. வேறு வழியில்லாமல் தங்கையின் முகத்தைப் பார்த்தான். அவள் அழுதுகொண்டிருந்தாள். துடைத்துக்கொள்ளவும் இல்லை, திரும்பிக்கொள்ளவும் இல்லை. அப்பாவுக்காக அவள் அழுது அவன் பார்ப்பது அதுதான் முதல் தடவை.

பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தான். சிஸ்டம் எதுவும் வாங்கவில்லை, சும்மா மிரட்டினேன் என்று மெல்ல ஒப்புக்கொண்டான். அவள் வரும்வரை தானே ஹெட்செட்டை மாட்டிக்கொள்வதாகவும் சொன்னான். பிறகு ஷூவைக் கழற்றிக் காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டு, காற்று நன்றாகத்தான் இருக்கிறது, நானும் இரண்டு நாள் இங்கேயே இருந்துவிட்டு உன்னோடு வரட்டுமா என்று கேட்டான்.

அவள் இப்போதுதான் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெஞ்சைவிட்டு எழுந்திருக்கவில்லை.

"இன்னும் படகு இருக்கு. நீ கிளம்பு அண்ணா. இது என் லீவு."