எலி கடித்த நோயாளி

ஜுஸாரா பிரேசில்காரி. முப்பத்தொரு வயது. சொந்த ஊரில் ஒன்பது வருடம் நர்ஸ் வேலை பார்த்துவிட்டு, டாக்டருக்குப் படிக்க, ஸ்பானிஷ் பேசும் எங்கள் ரொசாரியோ நகரத்துக்கு வந்தாள். என் அழகு நிலையத்துக்கு மேலே இருந்த அறையில் குடியிருந்தாள்.

கல்லூரியில் சேர ஸ்பானிஷ் தேர்வு எழுதியாக வேண்டும். போர்த்துகீஸ் தெரிந்தவளுக்கு இது என்ன பிரமாதம் என்று மெத்தனமாகப் போனாள். எழுத்தில் குறையில்லை. மருத்துவச் சொற்கள் இரண்டு மொழிக்கும் லத்தீனிலிருந்து வந்தவைதானே. பேச்சில்தான் கவிழ்ந்தாள். நோயாளியாக நடிக்க ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஒரு 'ராத்தோ'வாக வலிக்கிறது என்றாராம். எங்களுக்கு அது கொஞ்ச நேரம். அவள் மொழியில் எலி.

"எலி எங்க கடிச்சுதுன்னு கேட்டுட்டேன், நெலிதாக்கா."

"ஐயோ! அந்த ஆளு என்ன சொன்னாரு?"

"விழுந்து விழுந்து சிரிச்சாரு. மார்க் போடுற அம்மா சிரிக்கல."

அடுத்த தேர்வுக்கு நான்கு மாதம் இருந்தது. மறுநாள் காலையில் கீழே இறங்கி வந்து, "ஒரு ஓரமா உக்காந்துக்கவா? இவங்க பேசுறத மட்டும் கேட்டுக்கறேன்" என்றாள்.

என் கடையில் தலைக்குச் சாயம் பூசி உட்காரும் பெண்கள் நோயைத் தவிர வேறெதையும் பேசுவதில்லை. ஜுஸாரா அவர்களுக்கு மாத்தே என்ற மூலிகை டீயை ஊற்றிக் கொடுத்துக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்வாள்.

ரொட்டிக்கடை இர்மா ஒருநாள், "ராத்திரி பொரிச்ச எம்பனாடா தின்னேன். ஈரல் உதைக்குது" என்றாள்.

"உதைக்குதுன்னா? துடிக்குதா, குத்துதா? எந்தப் பக்கம்?"

"அடி பைத்தியமே, எண்ணெய்ப் பலகாரம் ஒத்துக்கலன்னு அர்த்தம்! அது சரி, என் டாக்டர்கூட இப்படி ஒருநாளும் கேட்டதில்லடி."

பிரஷர் தரையில் கிடக்கிறது என்றால் மயக்கம் வருகிறது என்று பொருள். இப்படி ஒவ்வொன்றையும் நோட்டில் குறித்தாள். முடி வெட்ட வேண்டாதவர்களும் அவளிடம் பேசவே வந்து உட்கார ஆரம்பித்தார்கள். எனக்கு நாற்காலி போதவில்லை.

இரண்டாம் தடவை நோயாளியாக வந்தது வேகமாகப் பேசும் ஒரு கிழவி. சாயங்காலம் ஜுஸாரா கடைக்குள் நுழைந்ததும் கத்திரிக்கோலைக் கீழே வைத்துவிட்டேன்.

"எல்லாம் புரிஞ்சுதாடி?"

"ஒரே ஒரு வார்த்தை புரியலக்கா. எனக்குத் தெரியல, வேற மாதிரி சொல்லுங்கன்னேன். அந்தம்மா உடம்பைத் தொட்டுக் காட்டிச் சொன்னாங்க."

அந்த வார்த்தை என்னவென்று கேட்டேன். சொன்னாள். எங்கோ வடக்கு மாகாணத்துச் சொல்லாம். ரொசாரியோவிலேயே பிறந்து வளர்ந்த நான் அதைக் கேள்விப்பட்டதே இல்லை.

அறுபது தேவை, எழுபத்தொன்று வாங்கியிருந்தாள். இப்போது இரண்டாம் வருடம் படிக்கிறாள். கடைப்பக்கம் வரவே நேரமில்லை. இர்மாவுக்குத்தான் கோபம்: "தோள்பட்டை வலிய நான் இனி யார்கிட்ட விலாவாரியா சொல்றது?"