முக்காற்புள்ளி இல்லாத வரி

"தேடுற குறி கிடைக்கலைன்னா என்ன பண்ணும்?" என்று அவள் கேட்டாள்.

அவள் கேட்ட ஆளுக்கு அலுவலகத்தில் கத்தரி என்று பட்டப்பெயர். அவளுக்கு அக்கா புருஷன். கம்பெனி சொந்தமாக உருவாக்கிய கணினி மொழியில் எழுத்துகளைக் கையாளும் பகுதி அவர் பொறுப்பு. ஒரு வரியில் இன்ன குறிக்கு முன்னால் இருப்பது, பின்னால் இருப்பது, இரண்டு குறிகளுக்கு நடுவில் இருப்பது என்று வெட்டித் தரும் மெதட்களை, அதாவது சின்னச் சின்னக் கட்டளைத் துண்டுகளை, அன்று எழுதிக்கொண்டிருந்தார். அவை சரியாக வேலை செய்கின்றனவா என்று தினமும் தானாக ஓடிப் பார்க்கும் சோதனைகளை எழுதுவது அவள் வேலை.

"ஒண்ணும் பண்ணாது. வெத்து வரியைக் கொடுத்துட்டுப் போயிடும்."

"பிழைன்னு சொல்லி நிக்க வேண்டாமா, அத்தான்?"

"தொட்டதுக்கெல்லாம் நின்னு கத்துறதுக்கு வீட்லயே ஆள் இருக்கு. இங்கயும் எதுக்கு?"

"இருங்க, அக்காகிட்ட சொல்றேன்."

"சொல்லேன். சாப்பாடு கிடைக்காது, அவ்வளவுதானே! இதோ பாரு, இத்தனை நாளா குறி எங்கே இருக்குன்னு தேடி, எத்தனாவது எழுத்துன்னு எண்ணி, ஒண்ணு கூட்டி, ஒண்ணு கழிச்சு, மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. இப்ப ஒரே வரியில முடிஞ்சுது. வசதின்னா வாயை மூடிக்கிட்டு வேலை பார்க்கணும்."

அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை. வெற்று வரி வந்தால் சரி என்றே சோதனையை எழுதி முடித்தாள்.

மெதட்கள் எல்லோருக்கும் பிடித்துப்போயின. கம்பெனி விற்ற ஆஸ்பத்திரி மென்பொருளிலும் திரும்பிய பக்கமெல்லாம் அவைதான்.

அந்த ஆஸ்பத்திரியில்தான் அக்காவைக் காய்ச்சலோடு சேர்த்தார்கள். நினைவு தப்பிப் பிதற்றிக்கொண்டிருந்தாள். பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று அத்தான் சொன்னார். நர்ஸ் அதைத் தட்டெழுதினாள். 'ஒவ்வாமை' என்ற சொல்லுக்குப் பிறகு முக்காற்புள்ளி வைக்காமல் சின்னக் கோடு போட்டுவிட்டாள். முக்காற்புள்ளிக்குப் பின்னால் இருப்பதை வெட்டித் தர, மென்பொருள் அந்தக் குறியைத் தேடியது. காணாமல், வெற்று வரியைத் தந்தது. டாக்டரின் திரையில் ஒவ்வாமைக் கட்டம் காலியாக இருந்தது. பெனிசிலின் ஊசி போட்டார்கள். அத்தான் காபி வாங்கிக்கொண்டு படியேறி வருவதற்குள் அக்கா மூச்சுத் திணறி இறந்துபோனாள்.

ஆஸ்பத்திரி நர்ஸை வேலையை விட்டு நிறுத்தியது. அத்தான் மென்பொருளைத் திறந்து, தன் மெதட் வரும் இடத்தைக் கண்டுபிடித்து, நேரே மேலாளர் முன்னால் போய் நின்று, குறி கிடைக்காவிட்டால் பிழை சொல்லி நிற்கும்படி மாற்ற வேண்டும் என்றார்.

"இப்ப மாத்தினா பழைய புரோகிராமெல்லாம் அங்கங்கே நின்னுடும். வாங்கினவங்க நம்ம கழுத்தைப் பிடிப்பாங்க."

"என் பொண்டாட்டி கழுத்தைப் பிடிச்சாச்சு."

மேலாளர் எழுந்து அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, மாற்றிக்கொள்ளலாம், சோதனையில் தேறினால் அடுத்த பதிப்பில் போகட்டும், ஆனால் வெளியே யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்றார். அத்தான் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய், தப்பு நர்ஸுடையது இல்லை, என்னுடையது என்று சொல்லிவிட்டு வந்தார். அவர் வேலையும் போயிற்று. நர்ஸைத் திரும்பக் கூப்பிட்டதாகத் தகவல் இல்லை.

கடைசி நாள் மேசையைக் காலி செய்துவிட்டு அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றார். முகத்தில் பாதி மழிக்காமல் விட்டுப்போயிருந்தது.

"மெதட்டை மாத்திட்டேன். வெத்து வரி வந்தா சரிங்கிற உன் பழைய சோதனை அதைத் தப்புன்னு தள்ளுது. அதை எடுத்துட்டுப் புதுசா ஒண்ணு எழுதணும். நர்ஸ் தட்டினாங்களே, அதே வரியைப் போடு. கோடு, மருந்து பேரு, எல்லாம் அப்படியே. நான் உட்கார்ந்து பார்த்தேன், கை வரலை. நீ எழுதிடும்மா. தினமும் அது ஓடணும். தினமும் நின்னு கத்தணும்."