வெயில் பத்தாத குரோட்டன்

வெல்டிங் பட்டறையில் காலமெல்லாம் நெருப்புப் பொறியோடு மல்லுக்கட்டியவருக்குப் பார்வை மங்கத் தொடங்கியதும், மனைவி வீடு முழுக்கக் குரோட்டன் செடிகளை வாங்கி நிறைத்தாள். மற்றதெல்லாம் புகையாய்த் தெரிந்தாலும், அந்தச் சிவப்பும் மஞ்சளும் அவர் கண்ணுக்கு எட்டின. ஈரத்துணியால் இலை இலையாகத் துடைத்து, "உன்னைவிட இது அழகா சிவக்குது" என்று அவளைச் சீண்டுவார்.

அன்று காலை ஜன்னலோரச் செடியைத் தடவியபடி வெகுநேரம் நின்றார்.

"ஏம்மா, இதுக்கு இன்னும் நிறமே வரலையே. வெயில் பத்தலையோ?"

வெயில் தொட்டிமேலேயே விழுந்துகொண்டிருந்தது. இலைகள் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"ஆமாங்க, பத்தல. நகர்த்தி வைக்கிறேன்."

சத்தம் கேட்கும்படி தொட்டியை இழுத்து, இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"இனி பாரு, ஒரு வாரத்துல சிவந்துடும்" என்றார் அவர்.

அழுவது கேட்டுவிடக் கூடாதென்று அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.