மாமிக்கு ஒரு பெட்டி பாஸ்தா

என் அம்மாவின் விரதம் முறியும் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பழி மச்சானின் தலையில் விழுந்தபோதும் பேசாமல் நின்றேன். தலை முழுவதும் நரைத்தபிறகு இதை எழுதுகிறேன்.

மச்சான் என் மாமாவின் மகன்; என் அம்மா அவனுக்கு மாமி. என்னைவிட ஒரு வயது இளையவன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில், தாயில்லாத அவனைத் தெரிந்தவர்களோடு ரொறொன்ரோவுக்கு அனுப்பிவிட்டு, மாமா விசாவுக்காகக் கொழும்பில் காத்திருந்தார். எங்கள் வெக்ஸ்போர்ட் வீட்டுக்கு அவன் வந்த நாளிலிருந்து மீனின் நடுத்துண்டு அவனுக்கு, வால் எனக்கு. என் மெத்தையிலும் பாதி போயிற்று.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மழை பிடித்துக்கொண்டது. நாங்கள் ஒதுங்கிய பிளாசாக் கடைவரிசையில், சலவைக் கடைக்குப் பக்கத்தில் அந்தச் சின்னப் பாஸ்தாக் கடை இருந்தது. முதலில் கண்டது நான்தான். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் இத்தாலியக் கிழவர் மாவைத் தகடு தகடாக இழுத்துக்கொண்டிருந்தார். எங்களை உள்ளே அழைத்தவர், இயந்திரத்தின் கைப்பிடியை மச்சானிடம் கொடுத்தார். அவன் சுற்றச் சுற்ற மாவு நாடா நாடாவாக இறங்கியது. கிழவரின் மகள் அவன் கன்னத்தைக் கிள்ளினாள். என்னை யாரும் கிள்ளவில்லை. கிழவரின் மனைவி மாவுக் குவியலில் குழி பறித்து, முட்டைகளை ஒவ்வொன்றாக உடைத்து ஊற்றுவதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். மச்சான் அந்தப் பக்கம் திரும்பவேயில்லை.

புறப்படும்போது கிழவர் ஒரு பெட்டி பாஸ்தாவை அவன் கையில் வைத்தார்.

"மாமிக்குக் குடுப்பம். ஒருநேரம்தானே சாப்பிடுறா, பாவம்," என்றான்.

அது கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள். மாமாவின் விசாவுக்காகத்தான் அம்மா விரதம் பிடித்திருந்தார். பைகளில் விற்கும் காய்ந்த பாஸ்தாவைப்போல இதுவும் வெறும் கோதுமை என்று எண்ணி, மரக்கறி போட்டுத் தாளித்துச் சாப்பிட்டார். கடைசி வாய் உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

"அம்மா, உதில முட்டை போடுறவையாம். பள்ளிக்கூடத்தில சொன்னவங்கள்."

அம்மா வாயைக் கொப்பளித்தார். குளித்துவிட்டுச் சாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். மச்சானுக்கு அடி விழும் என்று ஆவலோடு பார்த்திருந்தேன். "தெரியாமத்தானே ராசா கொண்டு வந்தனீ," என்று அவன் தலையைத் தடவினார்.

அந்த மாதமே விசா மறுக்கப்பட்டது. மச்சான் அதன்பிறகு பிளாசாவைத் தவிர்த்து வேறு தெருவால் நடந்தான். நான் தனியாகக் கடைக்குப் போனேன். கிழவர் கைப்பிடியைத் தரவில்லை, "உன் தம்பி எங்கே?" என்றுதான் கேட்டார்.

இரண்டு வருடம் கழித்து மாமா வந்தார். விமான நிலையத்தில் அவரைக் கட்டிப்பிடித்தபடி மச்சான் அழுதான்.

"அப்பா, மாமியின்ர விரதத்தை நான்தான் கெடுத்தனான். அதாலதான் உங்களுக்கு விசா சுணங்கினது."

நான் முன்னால் போனேன்.

"இல்லை மாமா, முட்டை உடைச்சதை நான் கண்டனான். கண்டும் சொல்லேல்லை."

"முட்டைக்கும் விசாவுக்கும் என்னடா சம்பந்தம்?" என்று மாமா சிரித்தார்.

மச்சான் சிரிக்கவில்லை. "ரெண்டு வருசமும் எனக்குப் பக்கத்திலதானேடா படுத்தனீ?" என்று மட்டும் கேட்டான்.

அவர்கள் மில்லிக்கனில் வீடு எடுத்துப் போனார்கள். அடுத்த மாதம் என் சைக்கிளை அவனுக்கென்றே துடைத்துக் கொண்டுபோனேன். அவன்தான் கதவைத் திறந்தான்.

"வாங்கோ, இருங்கோ. சைக்கிள் உங்களுக்குத் தேவைப்படும், நீங்களே வைச்சிருங்கோ. ரீ குடிக்கிறியளோ?"

அதுவரை என்னை 'டேய்' என்று கூப்பிட்டவன். மூத்தவனுக்கு மரியாதை கொடுக்க மாமா பழக்கியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, நான் பெருமையோடு கதிரையில் சாய்ந்து உட்கார்ந்தேன்.