தெரு முழுக்கப் பங்காளிகள்

செட்டியார்பட்டியில் எங்கள் தெருவுக்கு டிவி படம் அன்னத்தாய் வீட்டிலிருந்துதான் வருகிறது. அவருடைய கணவர் சூசை மில் வேலையை விட்டுவிட்டு, கம்பத்துக்குக் கம்பம் வயர் இழுத்துத் தொடங்கிய கேபிள் தொழில் அது. சூசை மஞ்சள் காமாலையில் போன பிறகு, பெட்டி பழுதானாலும் படம் புள்ளிபுள்ளியாக வந்தாலும் வயர் வெட்டும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு அன்னத்தாய்தான் வருவார். மாதா மாதம் வசூலுக்கும் அவரேதான்.

சூசை காலத்தில் ஏற்பட்ட ஒரு வழக்கம் இன்னும் இருக்கிறது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால், அந்த வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை டிவி போடமாட்டார்கள். பிள்ளைகள் தெரியாமல் போட்டுவிடக் கூடாதென்று சூசையே போய் வயரைக் கழற்றி, சுருட்டி, வாசல்நிலைக்கு மேல் ஒரு ஆணியில் மாட்டிவிடுவார். அந்த மாதம் அவ்வீடுகளில் காசு கேட்கமாட்டார். அவர் கத்தோலிக்கர். ஆனாலும் எங்கள் தெருவின் முறைகள் எங்கள் பெண்பிள்ளைகளைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். வயர் சுருட்டித் தொங்கினால் அது துக்க வீடு என்று புதிதாகத் தெருவுக்குள் வருகிறவர்களுக்கும் விளங்கிவிடும்.

இப்போது எல்லாம் முன்பணம். அன்னத்தாய் தன் போனிலிருந்து ஒவ்வொரு பெட்டிக்கும் ரீசார்ஜ் போட்டால்தான் படம். அதில் நூற்றுக்குப் பதினெட்டு ஜிஎஸ்டி. வீடு வீடாக வரியைத் தனியே சொல்லிச் சண்டை பிடிக்க அவருக்குத் தெம்பில்லை. எல்லாம் சேர்த்து ஒரே தொகையாகவே கேட்பார். அதனால் அவர் பங்கு எவ்வளவு, அரசாங்கத்துக்கு எவ்வளவு என்று தெருவில் யாருக்கும் தெரியாது. கட்டணம் ஏறிய ஒவ்வொரு முறையும் திட்டு அவருக்கே விழுந்தது.

புரட்டாசி பிறந்த சமயம், டிவிக்கு வரியைக் குறைத்துவிட்டார்கள் என்று செய்தி வந்தது. மறுநாளே அங்காளம்மாள் அன்னத்தாயைத் தெருவில் மறித்துக்கொண்டார். எங்கள் தெருவில் நாலு வீட்டுக்குச் சேர்த்துப் பேசக்கூடிய பெண்மணி அவர்.

"ஏட்டி அன்னம், வரியைக் குறைச்சுட்டானாமே. நீ எப்பக் குறைக்கப் போற?"

"அது டிவி பெட்டி வாங்குதவுகளுக்குக்கா. அதுவும் பெரிய பெட்டிக்கு. கேபிளுக்குக் குறைக்கலை."

"பெட்டிக்குக் குறைச்சவன் அதைப் பாக்குறதுக்குக் குறைக்க மாட்டானா? யாருட்டக் கதை விடுத? போனுக்கு ரீசார்ஜ் போட்டா வரி, போனு வாங்குனா வரி. எங்க வீட்டுச் செவத்தைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாத்தான் வரி இல்ல போல!"

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அன்னத்தாயும் சிரித்தார். "செவத்துக்கும் வீட்டு வரி உண்டுக்கா" என்றார். அந்தப் பதில் அங்காளம்மாளுக்குப் பிடிக்கவில்லை.

எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். ஆகவே சந்தேகத்தை என்னிடம் கொண்டுவந்தார்கள். அன்னத்தாய் சொல்வது சரிதான் என்றேன். "படிச்ச புள்ளைதான். ஆனா அவனும் அவ கட்சி" என்று தீர்ப்பாகிவிட்டது.

அந்த வாரம் மாரிசாமி இறந்துபோனார். மில்லில் ஓய்வு பெற்றவர், வயதான மனிதர். அடக்கம் முடிந்த மாலையில் அன்னத்தாய் வந்து அவர் வீட்டு வயரைச் சுருட்டி மாட்டினார். மாரிசாமியின் சித்தப்பா மகன் தங்கப்பாண்டியன் வீட்டிலும், மற்ற உண்மையான பங்காளிகள் மூன்று வீட்டிலும் மாட்டினார்.

பிறகு வசூலுக்குப் போனார். அங்காளம்மாள் வாசலிலேயே கையை விரித்தார்.

"துக்க வீட்டுல வந்து காசு கேக்கியே?"

"நீங்களுமாக்கா?"

"மாரிசாமி எங்க பங்காளிட்டி."

அடுத்த வீட்டிலும் பங்காளி. அதற்கடுத்த வீட்டிலும் பங்காளி. எங்கள் வீட்டில் அம்மாகூட முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையேதான் சொன்னாள். உயிரோடு இருந்தபோது மாரிசாமிக்கு ஒரு டம்ளர் காப்பி கொடுக்க யோசித்த வீடெல்லாம் இப்போது அவருக்காக டிவியைத் துறக்கத் தயாராக இருந்தது. ஒரு மாதம் காசு கொடுக்காவிட்டால் அன்னத்தாய் வரியைக் குறைத்தே ஆகவேண்டும் என்பது கணக்கு. அங்காளம்மாள் வீட்டுப் பின்கட்டில் பேசி முடித்திருக்கிறார்கள்.

தெருவுக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவருக்குச் சிக்னல் கொடுக்கும் ராஜபாளையத்து ஏஜென்சியில் அன்னத்தாயை ஏற்கெனவே எச்சரித்திருந்தார்கள். இணைப்புகளில் பாதிக்கு மேலாவது சனிக்கிழமை இரவுக்குள் ரீசார்ஜ் ஆகவில்லை என்றால் அவருடைய லைனை வேறு ஆபரேட்டருக்குக் கொடுத்துவிடுவார்கள். வெள்ளிக்கிழமை காலை பஸ் ஏறிப் போய், இன்னொரு வாரம் தவணை கேட்டுப் பார்த்தார். கிடைக்கவில்லை.

திரும்பி வந்தவர் என்னிடம் மட்டும் இதைச் சொன்னார். "எல்லாரும் பொய் சொல்றாங்கன்னு நீங்களே சொல்லிர வேண்டியதுதானே அத்தை?" என்றேன்.

"செத்தது ஒரு மனுசன்யா. துக்கம்னு சொல்லுத வாசல்ல நின்னு, பொய்யான்னு நான் எப்படிக் கேக்க? ஒரு வீடு நெசமா இருந்துட்டா?"

பிறகு குறட்டை எடுத்துக்கொண்டு கிளம்பினார். பங்காளி என்று சொன்ன ஒவ்வொரு வீட்டிலும் வயரைக் கழற்றி, சுருட்டி, வாசல்நிலைக்கு மேல் மாட்டினார். "காரியம் முடியட்டும், நானே வந்து மாட்டிவிடுதேன்" என்று எல்லாரிடமும் ஒரே மாதிரி சொன்னார். குத்தலே இல்லை. அங்காளம்மாள், "இருக்கட்டும்ட்டி, பொறவு பாக்கலாம்" என்று சொல்லிப் பார்த்தார். "துக்கத்துல என்னக்கா பொறவு?" என்று வயரை இழுத்துவிட்டார் அன்னத்தாய்.

வெள்ளிக்கிழமை ராத்திரி தெருவே ஊமையாகக் கிடந்தது. எல்லாரும் வாசலில் உட்கார்ந்து போனை நோண்டினார்கள். ஒரு மணி நேரத்தில் அன்றைய டேட்டா தீர்ந்தது.

சனிக்கிழமை காலை தங்கப்பாண்டியனின் அக்கா இசக்கியம்மாள் வந்தார். எங்கள் தெருவில் பிறந்து ஸ்ரீவில்லிபுத்தூரில் வாழ்க்கைப்பட்டவர். கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு மூன்று நாள் தீட்டுதான் என்பதால், புரட்டாசிச் சனிக்கிழமைக்குத் தன் ஊர்ப் பக்கத்துத் திருவண்ணாமலைக் குன்றில் பெருமாளைச் சேவித்துவிட்டு, துளசியும் பூவுமாக நேரே வந்திருந்தார். தம்பி வீடு துக்க வீடு, அங்கே நுழைய முடியாது. அதனால் அங்காளம்மாள் வீட்டுக்கு நடந்தார். அங்காளம்மாளின் மகளைத் தங்கப்பாண்டியன் மகனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். ஐப்பசியில் கல்யாணம். மணப்பெண் தலையில் கோயில் பூவை வைக்க வேண்டும் என்பது அவர் ஆசை.

வாசலில் தொங்கிய வயரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"அங்காளம்மா! உன் வீட்டுல யாருட்டி போனது?"

"வேற யாரு, நம்ம மாரிசாமிதான்க்கா."

"அவன் எங்க பங்காளில்லா. உனக்கு என்ன முறை?"

அங்காளம்மாள் தெருவைப் பார்த்தார். எல்லா வாசலிலும் ஆட்கள் இருந்தார்கள். எல்லா நிலைக்கு மேலும் வயர் தொங்கியது. "எங்களுக்கும்... பங்காளிதான்க்கா" என்றார், குரல் இறங்கி.

"பங்காளியா?" இசக்கியம்மாள் பூக்கூடையை இடுப்பில் இடுக்கிக்கொண்டார். "அப்ப எந்தம்பி மவனுக்கு உம்மவ என்ன, தங்கச்சியா? ஏலே தங்கப்பாண்டி, வெளிய வா! அண்ணனுக்கும் தங்கச்சிக்குமால நாள் குறிச்ச?"

தங்கப்பாண்டியன் பனியனோடு ஓடிவந்தார். சிரிப்பு ஒரு முனையில் கிளம்பி மறுமுனைக்குப் போனது. அங்காளம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. மூன்று வருடமாகப் பேசி முடித்த சம்பந்தம் அது.

"அன்னத்தைக் கூப்பிடுங்கட்டி" என்றார்.

அன்னத்தாய் வந்தார். ஒரு வார்த்தை குத்திப் பேசியிருந்தால் தெருவே கைதட்டியிருக்கும். அவர் ஸ்டூலில் ஏறி வயரை இறக்கிப் பழையபடி இணைப்பில் மாட்டினார்.

"இந்தா பாரு," என்றார் அங்காளம்மாள், "நான் பங்காளி இல்லன்னு மாட்டச் சொல்லுதேன். வரி நியாயம்னு மாட்டச் சொல்லலை."

"நானும் நியாயம்னு சொல்லலியேக்கா. எம்பெட்டிக்கும் நான் அதே வரிதான் கட்டுதேன்."

 அன்னத்தாயும் வரி கட்டுகிறவர்தான் என்று அங்காளம்மாளுக்கு அதுவரை தோன்றியதில்லை போல.

"சரி, உனக்கு எம்புட்டு, அவியளுக்கு எம்புட்டு? தனித்தனியாச் சொல்லு."

அன்னத்தாய் சொன்னார். கம்பெனிக்கு, சேனலுக்கு, வரிக்கு, கடைசியில் தனக்கு என்று விரல் மடக்கிச் சொன்னார். கடைசி விரலில் வந்த தொகை சொற்பம். அங்காளம்மாள் உள்ளே போய்ப் பணத்தை எடுத்து வந்தார்.

மதியத்துக்குள் தெருவில் முறைகள் சரியாகிவிட்டன. மாமன்கள் மாமன்களாகவும் மச்சான்கள் மச்சான்களாகவும் திரும்பினார்கள். எங்கள் அம்மாவும் பங்காளி உறவை விட்டுவிட்டாள். ஒவ்வொரு வாசலிலும் அன்னத்தாய் வயரை மாட்டிவிட்டு, வரியைத் தனியாகச் சொல்லித்தான் பணம் வாங்கினார். சண்டை வரும் என்று பயந்த இடத்தில், "அடப்பாவிகளா" என்று ஒரு பெருமூச்சு மட்டுமே வந்தது. அதுவும் அவரை நோக்கி அல்ல.

சாயங்காலம் அன்னத்தாய் அங்காளம்மாள் வீட்டு நடையில் உட்கார்ந்துதான் ரீசார்ஜ் போட்டார். ஒவ்வொரு வீடாகச் சத்தம் எழுந்தது. மாரிசாமி வீடும் நாலு பங்காளி வீடுகளும் மட்டும் அமைதியாக இருந்தன. பாதியைத் தாண்டியதும் ஏஜென்சியிலிருந்து போன் வந்தது. லைன் அவரிடமே இருக்கும் என்றார்கள். இந்த மாதத்துக்கு. போனை மடியில் வைத்துக்கொண்டு, தலையைச் சுவரில் சாய்த்துக்கொண்டார்.

உள்ளே அங்காளம்மாள் டிவியில் செய்தியைப் போட்டிருந்தார். வரிக்குறைப்பைப் பற்றி யாரோ சிரித்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"குறைச்சியோ? யாருக்குல குறைச்ச? கொஞ்சம் எந்தெருவுக்கு வந்து சொல்லு!" என்று அவர் டிவியைப் பார்த்துக் கத்தினார். கத்திவிட்டு, வாசலுக்கு ஒரு டம்ளர் காப்பி கொண்டுவந்தார்.