இழுப்பறையில் கிடந்த கையெழுத்து

மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் என் மாமா அட்டைப்பெட்டி செய்யும் சிறு கம்பெனி நடத்துகிறார். இரண்டு டைரக்டர்கள் வேண்டும் என்று சட்டம் சொன்னதால் தன் அக்காவையும், அதாவது என் அம்மாவையும், டைரக்டர் ஆக்கினார். டைரக்டர் அம்மா காலையில் பஸ் ஏறிப் போய், பேக்கிங் பிரிவில் மற்றப் பெண்களோடு நின்று பெட்டி கட்டுவார். பதவியின் மரியாதை அவ்வளவுதான்.

போன வருடம் அம்மாவின் டிஜிட்டல் கையெழுத்தைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கேமராவைப் பார்த்துப் பெயர் சொல்லவேண்டும் என்று ஆடிட்டர் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் படித்தவள் என்பதால் என்னையும் அம்மா அழைத்துப் போனார்.

ஆடிட்டர் மேசை இழுப்பறையைத் திறந்தார். உள்ளே டிஜிட்டல் கையெழுத்துப் போடுவதற்கான, பென்டிரைவ் போன்ற டோக்கன்கள், கறிவேப்பிலைக் கொத்துகள்போல ரப்பர் பேண்டில் கட்டிக் கிடந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு பிளாஸ்டர் துண்டு. அதில் பெயர், பெயருக்குக் கீழே பின் நம்பர். குறைகளை எண்ணிக்கொண்டே போவது என் பழக்கம். ஒன்று, டோக்கன் உரியவரிடம் இல்லை. இரண்டு, பின் அதன் முதுகிலேயே இருக்கிறது. மூன்று, எல்லாருக்கும் ஒரே பின். நான்காவதை யோசிப்பதற்குள் காபி வந்துவிட்டது.

"இதெல்லாம் ஏன் சார் உங்ககிட்ட இருக்கு?"

"டென்ஷன் பேடா, வேண்டாம் மேடம். ஓனருங்க தொலைச்சிடறாங்க. நம்மகிட்ட இருந்தா சேஃப்."

அவர் சேஃப் என்று சொன்ன பொருளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதில் சாவிகள் ஜோடியாகப் பிறக்கின்றன. ஒன்றை ஊருக்கே கொடுத்துவிடலாம், மற்றது உரியவரிடம் மட்டும் இருக்க வேண்டும். ஊருக்குக் கொடுத்த சாவியால் பூட்டியதை இந்த ரகசியச் சாவிதான் திறக்கும். முன்பின் பார்த்திராத இருவர் இணையத்தில் ரகசியம் பேச முடிவது அதனால்தான். ரகசியச் சாவியால் போட்ட கையெழுத்தை ஊர்ச்சாவியை வைத்து யாரும் சரிபார்க்கலாம். தாளில் ஒரு புள்ளி மாறியிருந்தாலும் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டு பெரிய பகா எண்களைப் பெருக்குவது நொடி வேலை. பெருக்கி வந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரண்டையும் தேடினால் இன்றைய கணினிகளுக்கு ஆயுள் போதாது. இந்த ஏற்பாட்டின் பலம் அப்படிப்பட்ட கணக்குகளில் இருக்கிறது. ரகசியச் சாவி டோக்கனுக்குள்ளேயே பிறந்து, வெளியே வராமலே சாகும். இத்தனை மூளையைச் செலவழித்துக் கட்டியதை மைசூரில் ஒரு பிளாஸ்டர் துண்டு முடித்துவைத்திருந்தது.

அம்மாவின் பெயரில் கடைசியாக எதில் கையெழுத்துப் போட்டீர்கள் என்று கேட்டேன். ஆடிட்டர் பெருமையோடு திரையைத் திருப்பினார். கன்னடத்தில் தொழிற்சாலைப் பாதுகாப்பு உறுதிமொழி. ஹனூரில் கன்னடப் பள்ளியில் படித்த அம்மா தானே வாசித்தார்.

"எல்லா மிஷினுக்கும் மூடி இருக்குதாமா? வெட்டுற மிஷினு மூடியக் கழட்டி எத்தன மாசமாச்சு! யாரு போட்டது இந்தக் கையெழுத்த?"

"நீங்கதான் அம்மா," என்று ஆடிட்டர் பச்சை டிக்கைக் காட்டினார். கிண்டல் இல்லை, நிஜமாகவே சொன்னார்.

"ஏன் கண்ணு, நாளைக்கு ஒரு புள்ள கை போச்சுன்னா?"

"நீதான்மா பதில் சொல்லணும். 'நான் போடல'ன்னு சொன்னா அத நீதான் நிரூபிக்கணும்."

புது டோக்கன் தயாரானதும் அம்மா அதை எடுத்துச் சாப்பாட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பேடா அம்மா, ஒவ்வொரு தடவையும் நீங்க வரணுமே."

"வர்றேனுங்க. பஸ்ஸு ஓடுதில்ல."

வீட்டில் பின்னை மாற்ற என் லேப்டாப்பில் செருகினேன். "நானே வெச்சுக்கறேன்மா. எனக்குத்தான் இதெல்லாம் தெரியும்."

"நீ அந்தப் பக்கம் திரும்பு."

"நானா?"

"ஆமா. அந்த ஆடிட்டருக்குங்கூட எல்லாந் தெரியும்."

என் அலுவலகத்தின் பாதுகாப்புப் பயிற்சித் தேர்வில் நான் முழு மதிப்பெண் வாங்கியவள். விடைகளைப் பக்கத்து இருக்கைக்காரர்களுக்கும் அனுப்பியவள். சுவரைப் பார்த்துத் திரும்பினேன்.

கம்பெனி உரிமத்தைப் புதுப்பிக்க அதே உறுதிமொழி மறுபடி தேவைப்பட்டது. மாமா போன் செய்தார்.

"ஒரு நிமிஷ வேலைக்கா. டிரைவர அனுப்பறேன், டோக்கனக் குடுத்துவுடு."

"மூடிய மாட்டுடா. மாட்டுனா நானே வந்து அமுக்கறேன்."

"வெட்டு மெதுவாயிரும்க்கா!"

"ஆவட்டும்."

நான்கு நாள் மாமா யோசித்தார். அவருடைய தொழில் வாழ்க்கையில் அதுவரை நான் கண்டதிலேயே நீளமான சிந்தனை அதுதான். ஐந்தாம் நாள் மூடி மாட்டினார்கள். நானும் போயிருந்தேன். அம்மா மூடியை இரண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டு ஆபீஸ் அறைக்கு வந்து, உறுதிமொழியை முதல் வரியிலிருந்து கடைசிவரை வாசித்து, டோக்கனைச் செருகினார். மாமா அவர் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"திரும்பு," என்றார் அம்மா.

மாமா திரும்பிக் காலண்டரைப் பார்த்தார். நான் சொல்லாமலே திரும்பிக்கொண்டேன்.